பெரட்டுக் களத்துப் பாட்டு

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் வேண்டாம், சாரல் அடிக்கிறது. தட்டில் முறுக்கு இருக்கிறது, கடித்துக்கொண்டே கேட்கலாம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பாட்டின் கதை சொல்கிறேன். பாட்டு என்றதும் முகம் மலர்ந்துவிடாதீர்கள், இது கசக்கிற கதை. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நடந்தது. பாதியை மங்களம் சொல்லிக் கேட்டேன், மீதியை நானே பார்த்தேன்.

மங்களம் என்னைவிடப் பத்து வயது இளையவள், அறுபதைத் தாண்டியவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனவள், புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டதால் பிள்ளை குட்டி இல்லாமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். வந்த மறுநாளே அடுப்பைப் பற்ற வைத்தாள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் கச்சாங் பூத்தே என்கிற கடலை முறுக்குக் கடைகளுக்கு வேலை செய்கிற வீடுகள்தான். சிலர் கடலை வறுப்பார்கள், சிலர் ஓமப்பொடி பிழிவார்கள். மங்களம் முறுக்கு. விடியுமுன் மாவு பிசைந்து, வெயில் ஏறுவதற்குள் இரண்டு பெரிய சட்டி சுட்டு எடுத்துவிடுவாள். எண்ணெய்ப் புகை அடித்து அடித்து அவள் புருவமே செம்பட்டையாகிப் போயிருந்தது. சுட்டதை ஆறவைத்து உடையாமல் பொட்டலம் போடும் வேலைக்கு நான் போவேன். கூலிக்கு இல்லை, பேச்சுத் துணைக்கு.

அவள் அம்மா இருளாயி. தொண்ணூறு வயது என்பார்கள். சுங்கை சிப்புட் பக்கம் பத்தாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது புந்தோங்குக்கு வந்தவர். இப்போது அங்கே லயத்து வீடுகளும் இல்லை, கித்தாவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை, வேலைக்கு வங்காளதேசத்துப் பையன்கள்.

இருளாயியம்மாவுக்கு நாலைந்து வருஷமாக நினைவு தப்பிவிட்டது. முதலில் சட்டியை அடுப்பில் வைத்ததை மறந்தார். பிறகு தெருவை மறந்தார். பிறகு மனிதர்களை மறந்தார். அதில்தான் மங்களத்துக்கு வயிறு எரிந்தது. பக்கத்திலேயே கிடந்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, இரவில் நனைந்த பாயை மாற்றுகிற மகளைத்தான் முதலில் மறந்தார். குனோங் ராபாட்டில் கார் நிறுத்த இடமுள்ள வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோகிற மகன் சீனியின் பெயர் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வாயில் இருந்தது.

"யாரு நீயி? கஞ்சி ஊத்துற பொம்பளையா?" என்று மகளைக் கேட்பார்.

"மங்களம்மா. ஒங்க மக."

"எனக்கு மக இல்ல. சீனி ஒருத்தந்தான்."

மங்களம் அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு அடுப்படிக்கு வருவாள். "ஒரே ஒரு தடவக்கா," என்பாள் என்னிடம். "கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ 'ஏ மங்களம்'னு கூப்புட்டுட்டாப் போதும்லா. வேற ஒண்ணும் கேக்கல. திட்டிக்கூடக் கூப்புடட்டும்." அந்த வீட்டில் அவள் எதிர்பார்த்தது அது ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாக நானும் அதையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சீனி பெயரும் போன பிறகு அந்த அம்மாவிடம் மிஞ்சியது ஒரு பாட்டு.

அந்தப் பாட்டை நாங்கள் எல்லோரும் முன்பே அறிவோம். கித்தாக் காட்டில் வாளி தூக்கிக்கொண்டு நடந்தபோதும், பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோதும் அவர் முனகிய மெட்டு. அப்போது அரைகுறையாகக் கேட்ட சொல் இப்போது தெளிவாக வந்தது. தமிழும் இல்லை, மலாயும் இல்லை. சூரியன் மலைக்கு மேலே வந்ததும் சன்னலைப் பார்த்து நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், கையை இரண்டு பக்கமும் ஒட்டவைத்துக்கொண்டு பாடுவார். குரலில் நடுக்கம் இருக்காது. பாட்டு பாதியில் ஓர் இடம் வரும். அங்கே சொல் இருக்காது, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று ஓர் அடி நீளத்துக்கு முனகிவிட்டு மறுபடி சொல்லுக்கு வருவார். மங்களமும் சீனியும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். சீனி தன் மகன் தனேஷுக்குப் பாடியதும் அப்படித்தான். அந்த முனகல் பாட்டிலேயே உள்ளது என்று பிள்ளைகளும் பேரனும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அது சீனப் பாட்டு என்றும் நம்பினார்கள். புந்தோங் வந்த புதிதில் இருளாயியம்மா சீன வீடுகளில் துணி துவைத்தவர் அல்லவா, அங்கே பிடித்தது என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். தோட்டத்திலேயே அதை முனகியவர் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் எண்ணெய்க்கடை முதலாளி ஆ சோய், நாங்கள் கூப்பிடுவது தவுக்கே. எழுபத்தைந்து வயது. புந்தோங்கில் பிறந்த சீனர், நம் ஆட்கள் சிலரைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். வழக்கமாக அவர் மகன்தான் எண்ணெய் டின் கொண்டுவந்து போடுவான். அன்றைக்கு மகனுக்குக் காய்ச்சல் என்று அவரே காலையில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே அம்மா பாடிக்கொண்டிருந்தார். ஆ சோய் டின்னைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மங்களம், ஒங்கம்மா என்னா பாட்டு பாடுறாங்க?"

"ஒங்க பாட்டுதான் தவுக்கே. சீனப் பாட்டு. ஒங்களுக்கே தெரியலயா?"

"யாரு சொன்னா சீனப் பாட்டுன்னு?"

"யாரும் சொல்லல. நாங்களா..."

"இது ஜெப்புன்காரன் பாட்டு. சண்டையில நம்ம ஊரப் புடிச்சு ஆண்டானே, அந்த ஜப்பான்காரன்." டின்னைத் தரையில் வைத்தார், வைத்த வேகத்தில் எண்ணெய் தளும்பியது. "சின்னதுல நான் எங்கயோ கேட்டுட்டு வந்து வீட்டுல இந்த மெட்ட முணுமுணுத்தேன். எங்கம்மா மீன் வெட்டிக்கிட்டு இருந்தா. கையக் கழுவக்கூட இல்ல, அறைஞ்சா பாரு. கன்னத்துல செதில் ஒட்டிக்கிச்சு. ஏன் அடிச்சான்னு சாகுற வரைக்கும் சொல்லல. எங்கத்தைதான் பின்னால சொன்னா. எங்க தாத்தாவ அவனுங்க வெட்டுறதுக்கு ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போன காலையில, எதுத்தாப்ல ஸ்கூல்ல பிள்ளைங்கள நிக்கவச்சு இதத்தான் பாட விட்டாங்களாம். அவரு திரும்பி வரல."

மங்களம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பாட வேணாம்னு சொல்லு."

"சொன்னா ஏறுற மண்டையா தவுக்கே அது? நான் யாருன்னே தெரியல அதுக்கு."

"அப்ப சன்னலையாவது சாத்து."

"சாத்திட்டா எண்ணெப் பொகையில ரெண்டு பேரும் செத்துருவோம்லா."

ஆ சோய் மோட்டாரைத் திருப்பினார். அதற்குப் பிறகு மகனுக்கு முடியாத நாளிலும் அவர் எங்கள் தெருவுக்குள் காலையில் வருவதில்லை. ஒரு பாட்டை ஒருத்தி தொட்டிலில் போட்டுக் கொடுத்தாள், இன்னொருத்தி அறைந்து கொடுத்தாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாட்டு மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீனி மனைவி பிரமிளாவோடு வந்தான், கூடவே கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ். விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஜப்பான் பாட்டாலா! நான் தனேஷத் தொட்டில்ல போட்டு இதத்தானே பாடுனேன். அதான் அவன் ஜப்பான்காரன் ஃபேக்டரியிலேயே போய் வேலைக்குச் சேந்துட்டான் பாரு."

"அந்த ம்ம்ம்கூட ஜப்பான்காரன் போட்டதுதானாங்க?" என்றாள் பிரமிளா.

"ஒனக்கு எல்லாம் கிண்டல்," என்றாள் மங்களம். "தவுக்கே மொகத்தப் பாத்திருந்தா சிரிச்சிருக்க மாட்ட."

"அட விடுக்கா. பாட்டுக்கு என்னா தெரியும், பாவம்."

அதற்கு அடுத்த வாரம் இருளாயியம்மா சாப்பிட மறுத்தார். கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டார். இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துபோன மங்களம், மூன்றாம் நாள் காலை அம்மா பாட ஆரம்பித்ததும் என்ன நினைத்தாளோ, பக்கத்தில் போய் நின்று தானும் சேர்ந்து பாடினாள். சொல் அரைகுறையாகத்தான் தெரியும், மெட்டு ரத்தத்தில் இருந்தது. அம்மா திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்றால், கண்ணுக்குள் ஆள் இருந்து பார்த்தது. கையை நீட்டி மங்களத்தின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"கையக் கெட்டியாப் புடிச்சுக்கடி அஞ்சல," என்றார்.

அஞ்சலை அவருடைய தங்கை. ஜப்பான்காரன் காலத்தில், வெறும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் காய்ச்சலில் போன குழந்தை. அது மங்களத்துக்குத் தெரியும். அம்மாவின் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதும், அவர் திரும்பி வராததும் தெரியும். தோட்டத்து வீடுகளில் யாருக்குத்தான் அப்படி ஒருத்தர் இல்லை. ஆனால் அதற்கு மேலே அம்மா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அன்றைக்கு முழுக் கிண்ணம் கஞ்சியும் இறங்கியது. மங்களம் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

"என்னையப் புடிச்சாங்கக்கா! கையப் புடிச்சாங்க!"

"பேரு சொன்னாங்களா?"

"அஞ்சலன்னாங்க." முகம் கொஞ்சம் தாழ்ந்தது. "பரவால்லக்கா. செத்துப்போன பிள்ளை பேராவது சொன்னாங்கல்ல."

அதிலிருந்து தினமும் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் பிடித்த கை விடாது. முடிந்ததும் அம்மா குனிந்து கும்பிடுவதுபோலத் தலையைத் தாழ்த்துவார். பிறகு மெதுவாகக் கேட்பார், "எறங்கிட்டாரா?"

முதலில் மங்களத்துக்குப் புரியவில்லை. நான் பக்கத்தில் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் விடாமல் கேட்டாள்.

"யாரும்மா எறங்கணும்?"

"அப்பா."

"எதுலேர்ந்து?"

"லோரியிலேர்ந்துதான். ஒனக்குக் கண்ணு தெரியலயாடி? அந்தா நிக்கிறாருல்ல, கடைசியில, துண்டத் தலையில கட்டிக்கிட்டு. வரிசைய விட்டு நகராத, கெராணி பாக்குறாரு."

தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர், கண்ணுகளா. அதற்கென்று ஒரு களம் இருக்கும், கணக்கு எழுதுகிற கிராணி பேர் கூப்பிடுவார். இருளாயியம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையாக, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு.

"கெராணி என்னா சொன்னாரும்மா?"

"நல்லாப் பாடுங்க பிள்ளைகளா, புது ஜப்பான் தொரைக்குப் புடிச்சுட்டா ஒங்க அப்பன்மாரை எறக்கி விட்டுருவாருன்னாரு. நீ பாடுனல்ல? எல்லாரும் நல்லாத்தான் பாடுனாக. நாந்தான்..." இருளாயியம்மா தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "நடுவுல ஒரு அடி. வாயிக்கு வரல. ம்ம்முன்னு மொனகிட்டேன். தொரை திரும்பி என்னையப் பாத்தாரு. பாத்தாருடி அஞ்சல. அப்பறம் கையக் காட்டுனாரு, லோரி போயிருச்சு."

மங்களம் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் பாடிக்கிட்டே இருக்கேன். ஒருவாட்டி சரியா வந்துட்டா எறக்கிருவாக. அந்த அடிதான் வரமாட்டேங்குது."

நான் கையிலிருந்த முறுக்கை நொறுக்கிவிட்டதை அப்போதுதான் பார்த்தேன். எத்தனை வருஷம்! வாளி சுமந்தபோது, பிள்ளை பெற்றபோது, தொட்டில் ஆட்டியபோது. தாலாட்டு என்று நாங்கள் கேட்டது எல்லாம் அந்தப் பெண் ஓர் அடியைத் தேடியது. அவள் தவறவிட்ட இடத்தை அவள் பிள்ளைகளும் பேரனும் அப்படியே பத்திரமாக முனகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிராணி நல்லெண்ணத்தில் சொன்னாரோ, பிள்ளைகள் அழாமல் நிற்கட்டும் என்று சொன்னாரோ. அவரும் செத்து மண்ணாகியிருப்பார்.

சீனியிடம் மங்களம் இதைச் சொன்னாள். அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஆனால் அவன் மகன் தனேஷ் வேறொன்று கொண்டுவந்தான்.

தனேஷ் தன் கைப்பேசியில் பாட்டியின் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தான். தொழிற்சாலையில் ஒரு விருந்தில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறான். அங்கே மொரிதா என்று ஒரு பெரியவர். முன்பு அவர்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, ஊர் பிடித்துப்போய் ஈப்போவிலேயே தங்கிவிட்டவர். எண்பத்தைந்து வயது. பாட்டைக் கேட்டதும் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"அவருக்குப் பாட்டியப் பாக்கணுமாம் அத்தை," என்றான் தனேஷ். "ரொம்பக் கேக்குறாரு."

"எதுக்கு? கண்காட்சியா?"

"அப்படி இல்ல அத்தை. அவங்கம்மா அவருக்குப் பாடுன பாட்டாம். நல்ல மனுஷன். ஜப்பானுக்கு ட்ரெய்னிங் அனுப்ப என் பேர சிபாரிசு பண்ணவரு..."

"அதானே பாத்தேன்."

"அக்கா, பையன் வாழ்க்கைலா," என்றான் சீனி. "பத்து நிமிஷம் வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"தாத்தாவத் தூக்கிட்டுப் போனவன் வீட்டுக்கு வரட்டும், நான் முறுக்கு சுட்டுக் குடுக்குறேன், அப்படித்தானே?"

"இவரா தூக்கிட்டுப் போனாரு? அப்ப இவருக்குக் கால்சட்டை போடத் தெரியாத வயசு."

தனேஷ் குரலைத் தாழ்த்தினான். "அத்தை, அவருக்குப் பாட்டு முழுசாத் தெரியும். பாட்டி ம்ம்ம்னு சொல்ற எடத்துல என்னா வரும்னு அவருக்குத் தெரியும்."

மங்களம் அதற்கு மேல் வாதாடவில்லை. அவர்கள் போன பிறகு அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அம்மா அந்தக் களத்துலயே நின்னுக்கிட்டு இருக்காங்க. அந்த ஒரு அடி கெடச்சுட்டா, முடிஞ்சுருச்சுன்னு வெளிய வருவாங்கல்ல? வந்தா எதுத்தாப்ல நாந்தானே நிப்பேன்? அப்ப என்னையத் தெரியும்லக்கா?"

"தெரியும்மா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் மழையில் சுண்ணாம்பு மலைகள் கழுவிவிட்டதுபோல வெளுத்து நின்றன. மங்களம் அம்மாவுக்குப் புதுக் கைலி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டாள். தானும் கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். தன்னை அம்மா முதல்முதலாகப் பார்க்கப் போகிற நாள் என்று நினைப்பு. எதிர்ச் சாரியில் யார் வீட்டுச் சன்னலும் மூடவில்லை. ஜப்பான்காரர் வருகிறார் என்று தெருவே வேடிக்கை பார்க்க நின்றது.

மொரிதா ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு, இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் மங்களத்திடம் கொடுத்தார். தனேஷுக்கு ஜப்பான் பேச்சு கொஞ்சம் வரும், வராத இடத்தில் இங்கிலீஷ்.

"அவங்கப்பா பட்டாளத்துல பர்மா பக்கம் போனவராம் அத்தை. திரும்பி வரலையாம். அவங்கம்மா இந்தப் பாட்டப் பாடித்தான் தூங்க வைப்பாங்களாம். அவங்க குரலு இப்ப ஞாபகத்துல இல்ல, பாட்டு மட்டும் இருக்குன்றாரு."

மங்களம் இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தாள். "தேத்தண்ணி குடிப்பாரான்னு கேளு," என்றாள்.

தேநீர் வரும் முன்பே அது நடந்தது. மொரிதா நாற்காலிக்கு எதிரே போய் நின்று குனிந்து ஏதோ வணக்கம் சொன்னார். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் இருளாயியம்மா எழுந்து நின்றார். ஒரு வருஷமாகத் தானாக எழுந்து நிற்காதவர். கைலி வழுக்கியது, மங்களம் ஓடிப்போய் இறுக்கிக் கட்டிவிட்டாள். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. கையை ஒட்டவைத்து, கழுத்தை நிமிர்த்திப் பாட ஆரம்பித்தார்.

மொரிதா முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது. இரண்டு கிழட்டுக் குரலும் ஒன்றாகப் போனபோது, சொன்னால் நம்புவீர்களோ, அழகாக இருந்தது. எனக்கு அது அழகாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. பிரமிளா கண்ணைத் துடைத்தாள். யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

அந்த இடம் வந்தது. அம்மா வாயை மூடி முனகினார். மொரிதா சொல்லோடு பாடினார். அம்மா நின்றுவிட்டார்.

மொரிதாவும் நிறுத்தினார். பிறகு, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, அந்த ஓர் அடியை மட்டும் மெதுவாக மறுபடி பாடினார். அம்மாவின் வாய் அதைப் பின்தொடர்ந்தது. இன்னொரு தடவை. வந்துவிட்டது.

அப்புறம் அம்மா யாரையும் எதிர்பார்க்கவில்லை. தனியாக, முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல் கடைசி வரை பாடினார். அந்த இடத்தில் குரல் தடுக்கவே இல்லை. முடித்ததும் இடுப்பை வளைத்துக் குனிந்தார். குனிந்தபடியே சொன்னார்.

"சரியாப் பாடிட்டேன் தொரை. அப்பாவ எறக்கி விட்டுருங்க."

மொரிதா கண்ணீரோடு தனேஷைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

தனேஷ் அப்பனைப் பார்த்தான். சீனியின் முகம் வெளிறியிருந்தது. "நன்றின்னு சொல்றாங்கன்னு சொல்லுலா," என்றான் மெதுவாக. "வேற என்னா சொல்லப் போற?"

தனேஷ் அப்படியே சொன்னான். மொரிதா தேம்பினார். தேம்பிக்கொண்டே அவரும் இருளாயியம்மாவுக்கு எதிரே தாழக் குனிந்தார். அவர்கள் ஊர் மரியாதையில், பெரியவர் நிமிர்கிற வரைக்கும் மற்றவர் நிமிரக் கூடாது போலிருக்கிறது. அவர் நிமிரவில்லை. அம்மாவும் நிமிரவில்லை, பதில் வரவில்லையே! இரண்டு பேரும் தலை தாழ்த்தியபடியே நின்றார்கள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அம்மாவின் கால் நடுங்க ஆரம்பித்தது. "தொரை," என்றார் மறுபடியும், சின்னப் பிள்ளைக் குரலில். "விட்டுருங்க தொரை. சரியாத்தானே பாடுனேன்."

மங்களம் பக்கத்தில் மண்டியிட்டாள். அம்மாவின் முகத்தை அடியிலிருந்து பார்த்தாள். அவள் சொல்ல நினைத்து வைத்திருந்தது வேறு. நான்தாம்மா, மங்களம்மா, பாருங்கம்மா என்று சொல்வதற்கு அத்தனை நாள் காத்திருந்தவள்.

"எறங்கிட்டாரு," என்றாள். "அப்பா லோரிய விட்டு எறங்கிட்டாருக்கா."

அம்மா குனிந்தபடியே கேட்டார். "நெசமாவா அஞ்சல?"

"நெசமாத்தான். அந்தா நடந்து வாராரு."

"துண்டு?"

"தலையிலதான் இருக்கு. சிரிச்சுக்கிட்டே வாராரு."

இருளாயியம்மா மங்களத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வாசல் பக்கம் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மங்களத்தின் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவி மடியில் வைத்துக்கொண்டார். இனிமேல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை அல்லவா.

மொரிதா போகும்போது மங்களத்தின் கையைப் பிடித்து நெடுநேரம் பேசினார். தன் அம்மாவை மறுபடி பார்த்ததுபோல இருந்தது என்றாராம். மங்களம் தலையாட்டினாள். மிச்சமிருந்த முறுக்கில் ஒரு பை கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் சூரியன் வந்தது. அம்மா பாடவில்லை. சன்னலைப் பார்க்கவும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மங்களம் பக்கத்தில் நின்று தானாகப் பாடிப் பார்த்தாள், இப்போது அந்த அடியும் தெரிந்து முழுசாகப் பாடினாள். அம்மா, தெருவில் போகிற வண்டிச் சத்தத்தைக் கேட்பதுபோல ஒரு தடவை திரும்பிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கை நீளவில்லை. அஞ்சலையும் இல்லை, மங்களமும் இல்லை. கஞ்சியை ஊட்டினால் வாய் திறக்கும், ஊட்டாவிட்டால் கேட்காது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவர் போவதற்கு ஒரு மாதம் முன்பே ஆ சோய் மறுபடி காலையில் வர ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் டின்னை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஒங்கம்மா இப்பல்லாம் பாடுறதே இல்லையே?"

"இல்ல தவுக்கே."

அவர் காலி டின்னை எடுத்துக்கொண்டார். "நல்லதுதான்," என்றார். பிறகு, "எங்கம்மா அறைஞ்ச கன்னம் இந்தப் பக்கம்," என்று தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுவார்களாம். அதில் இரண்டு கிழங்கள் எதிரெதிரே குனிந்து நிற்கிற படம் வந்தது. இசைக்கு எல்லைகள் கிடையாது என்று மூன்று மொழியில் கீழே எழுதியிருந்தார்கள். தனேஷ் ஜப்பானுக்குப் போனான். போகும் முன் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு அத்தைக்குக் கொண்டுவந்து கொடுத்தான். மனசில் கெட்டது இல்லாத பிள்ளை. மங்களம் வாங்கி, மாவு டின்னுக்குப் பின்னால் திருப்பி வைத்தாள்.

ஒரு நாள் முறுக்கு பிழிந்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"எறங்கிட்டாருன்னு நான் சொல்லாம இருந்திருந்தா, அம்மா இன்னும் பாடிக்கிட்டு இருந்திருப்பாங்கல்லக்கா? எங்கையப் புடிச்சுக்கிட்டு?"

"குனிஞ்சு நின்ன பிள்ளைக்கு யாராச்சும் பதில் சொல்லணும்லம்மா."

"சொன்னேன்." அச்சை ஒரு சுற்றுச் சுற்றி எண்ணெயில் விட்டாள். "அவங்க அப்பா கையப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. என்னைய யாருன்னு கேக்காமலே போயிட்டாங்கக்கா."

அவ்வளவுதான், என் கண்ணுகளா. மழையும் விட்டுவிட்டது, எழுந்து பத்திரமாகப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டுப் போனவர்கள் எல்லாரும் விளக்கேற்றும் முன்னால் வாசலில் செருப்பைக் கழற்றட்டும். உங்கள் பிள்ளைகள் எதற்காகவும் எவன் முன்னாலும் குனிந்து நின்று பாட வேண்டாம். உங்களைப் பெற்றவள் கடைசி மூச்சு வரைக்கும் உங்களை உங்கள் பெயர் சொல்லியே கூப்பிடட்டும்.